டபுள் இன்டெக்ரல்ல ஆர்டர மாத்துனா அந்த 4 எங்க போகுதுங்க?

தம்பி கேட்டிருக்கறத நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி மொதல்ல சொல்லிப்போடறேன், தப்பா இருந்தா சொல்லுங்க. கணக்கு இதுதான்: வெளிய இருக்கற இன்டெக்ரல் எக்ஸுக்கு, 0ல இருந்து 4 வரைக்கும். உள்ள இருக்கறது ஒய்க்கு, ரூட் எக்ஸ்ல இருந்து 2 வரைக்கும். ஃபங்ஷன் 1/(1+ஒய்³), கடைசில டிஒய் டிஎக்ஸ். கிளாஸ்ல சார் ஆர்டர மாத்தோணும்னு சொல்லிட்டு ரெண்டே வரியில ஒய் 0 டு 2, எக்ஸ் 0 டு ஒய்²ன்னு எழுதி, விடை 1/3 லாக் 9ன்னு அடிக்கோடு போட்டுட்டாரு. ரூட் எக்ஸ் எங்க போச்சு, ஒய்² எங்கிருந்து வந்துச்சு, நல்லா இருந்த 4 எப்படிக் காணாமப் போச்சு, இப்படி லிமிட்ட மாத்தறதுக்கு எதாச்சும் ஃபார்முலா இருக்கா, இதானுங்க உங்க கேள்வி? இன்டெக்ரேட் பண்றதுல உங்களுக்குப் பிரச்சன இல்லைங்கறது நீங்க எழுதியிருக்கறதப் பார்த்தாலே தெரியுது, ப்ளஸ் டூல தொகையீடு நல்லாத்தான் போட்டிருக்கீங்க. சிக்கல் பூரா லிமிட்டுல.

ஃபார்முலா இல்லீங்க. நான் ஈரோடு பெருந்துறைப் பக்கம் ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு மேத்ஸ் எடுக்கறவன். மேட்ரிக்ஸ் அண்ட் கால்குலஸ் பேப்பர்ல அஞ்சாவது யூனிட்டு மல்ட்டிபிள் இன்டெக்ரல் வந்தா வருசா வருசம் காங்கேயத்துப் பையனும் கேப்பான், கோபில இருந்து வர்ற பொண்ணும் கேக்கும், எல்லாருக்கும் வேண்டியது ஒரு ஃபார்முலாதான். பழைய லிமிட்ட உள்ள போட்டா புது லிமிட் வெளிய வந்து விழற மாதிரி மெசின் ஒண்ணும் கெடையாது. ஏன்னா பழைய லிமிட்டுல இருந்து புது லிமிட்டுக்கு நேரா ரோடே இல்ல. பழைய லிமிட்டுல இருந்து படத்துக்குப் போகோணும், அந்த லிமிட்ட மறந்துறோணும், படத்தப் பாத்து புதுசா எழுதோணும். நான் சொல்லப்போறது மொத்தமே இவ்வளவுதான், மிச்சம் எல்லாம் உங்க கணக்கையே வெச்சு செஞ்சு காட்டறது.

அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். நீங்க டைப் பண்ணதுல 1+ஒய்³க்கு மேல ரூட் இருக்கா இல்லையா, அது கீழ இருக்கா மேல இருக்கான்னு முழுசா வெளங்கல. சார் போட்ட விடை 1/3 லாக் 9ன்னு சொல்றதால ரூட் இல்லாம 1/(1+ஒய்³)ன்னு எடுத்துக்கறேன், அதுக்குத்தான் அந்த விடை வரும். ஒருவேளை நோட்டுல இருக்கறது ரூட் (1+ஒய்³)ன்னா, வழி அட்சரம் பிசகாம இதேதான், விடை மட்டும் 52/9ன்னு வரும்.

மொதல்ல எதுக்கு மாத்தோணும்? கொடுத்த மாதிரியே போனா ஒய்ய மொதல்ல இன்டெக்ரேட் பண்ணோணும். 1/(1+ஒய்³)ங்கறத (1+ஒய்) ஒரு பக்கம், (ஒய்²−ஒய்+1) ஒரு பக்கம்னு பார்ஷியல் ஃப்ராக்ஷன்ல பிரிக்கோணும், ஒரு லாக் வரும், இன்னொரு லாக் வரும், கூடவே ரூட் 3 வெச்ச டேன் இன்வர்ஸ் ஒண்ணு வரும். அதோட விட்டாலும் பரவால்ல, அந்த மூணுலயும் ஒய்க்குப் பதிலா ரூட் எக்ஸ் போட்டு, மறுபடியும் அத எக்ஸுக்கு இன்டெக்ரேட் பண்ணோணும். முடியாதுன்னு இல்ல, முடியும், ஆனா ரெண்டு பக்கம் போகும், நடுவுல ஒரு மைனஸ் தவறுனா எல்லாம் போச்சு. இங்க ஒரு விசயம் பிரிச்சு வெச்சுக்கங்க. "இத இன்டெக்ரேட் பண்ண முடியாது, அதனால ஆர்டர மாத்தறோம்"னு உங்க சார் சொன்னதா எழுதியிருக்கீங்க. இந்தக் கணக்குக்கு அது சரியில்ல, இது கஷ்டம், அவ்வளவுதான். நெசமாவே முடியாதது வேற ஒண்ணு இருக்கு, ஈ பவர் ஒய்². அதுக்கு நமக்குத் தெரிஞ்ச லாக், சைன், ரூட் இதெல்லாம் கலந்து எப்படி எழுதுனாலும் இன்டெக்ரல் எழுத முடியாது, இது யாரும் இன்னும் கண்டுபுடிக்காததால இல்ல, முடியவே முடியாதுன்னு காட்டற வழிய 1830கள்லயே ஃப்ரெஞ்சுக்காரர் லியூவில் போட்டுக் குடுத்துட்டாரு. அந்த மாதிரி ஃபங்ஷன் உள்ள வந்தா ஆர்டர மாத்தறது சௌகரியத்துக்கு இல்ல, வேற வழி இல்லாததால.

சரி படத்துக்கு வாங்க. லிமிட்டு நாலுதான்: எக்ஸ் = 0, எக்ஸ் = 4, ஒய் = ரூட் எக்ஸ், ஒய் = 2. நாலையும் கோடா நெனைச்சுக்கங்க. பேனா வேண்டாம், பென்சில் எடுங்க. எக்ஸ் = 0ங்கறது ஒய் ஆக்சிஸே. ஒய் = 2ங்கறது படுத்த கோடு. ஒய் = ரூட் எக்ஸ்க்கு மூணு புள்ளி போதும்: எக்ஸ் 0ன்னா ஒய் 0, எக்ஸ் 1ன்னா ஒய் 1, எக்ஸ் 4ன்னா ஒய் 2. மூணையும் சேத்து வளைச்சு ஒரு கோடு இழுங்க, ஆரம்பத்துல செங்குத்தா ஏறி போகப் போகப் படுத்துக்கிட்டே போகும். இப்ப இந்த வளைவுக்கு மேல் பக்கமா, கீழ் பக்கமா? இங்கதான் பாதிப் பேரு கண்ண மூடிட்டு கீழ் பக்கத்துக்கு ஷேடு அடிச்சறாங்க, வளைவுக்குக் கீழ இருக்கறதுதான் ஏரியான்னு ப்ளஸ் டூல பழகுன கை. யோசிக்கவே வேண்டாம், லிமிட்டே சொல்லுது: எக்ஸ் 1ல நிக்கறீங்கன்னு வைங்க, ஒய் எதுல இருந்து எதுவரைக்கும்? 1ல இருந்து 2 வரைக்கும். அப்ப வளைவுல ஆரம்பிச்சு மேல ஒய் = 2 கோடு வரைக்கும் போகுது. மேல் பக்கம்தான். ஷேடு பண்ணிட்டீங்கன்னா ஒரு முக்கோணத்த ஒரு பக்கம் வளைச்ச மாதிரி ஒரு உருவம் வரும், மூலை மூணு: (0,0), (0,2), (4,2).

இப்ப அந்த 4 எங்க இருக்குன்னு பாருங்க. எக்ஸ் = 4ங்கற கோடு இந்த உருவத்தோட எந்தப் பக்கமாவும் இல்ல. (4,2)ங்கற ஒரே ஒரு மூலைய மட்டும் தொட்டுட்டுப் போகுது. வேலி மூணுதான், இடது பக்கம் ஒய் ஆக்சிஸ், மேல ஒய் = 2, கீழ இருந்து வலது பக்கமா ஏறிப்போற வளைவு. 4ங்கறது வேலியே இல்ல, வளைவும் மேல் கோடும் முட்டிக்கிற எடம். அதனாலதான் புது லிமிட்டுல அது வெளிப்படையா வரல. காணாமப் போகல, ஒய் 2 ஆகறப்ப ஒய்² எவ்வளவு? 4. அங்க உக்காந்துட்டிருக்கு.

நம்மூருக்காரங்களுக்கு இத இப்படிச் சொன்னா சட்டுனு புடிபடும். காட்டுல ஒரு ஒழவு நெட்டுக்க ஓட்டுவோம், மறு ஒழவு குறுக்க ஓட்டுவோம். டிஒய் மொதல்லன்னா நெட்டுக்க ஓட்டறது, ஒவ்வொரு சாலும் கீழ இருந்து மேல. டிஎக்ஸ் மொதல்லன்னா குறுக்க, ஒவ்வொரு சாலும் இடமிருந்து வலம். ரெண்டுலயும் காடு அதே காடுதான், வேலி அதே வேலிதான், ஆனா சால் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுங்கறது முழுசா வேற. நெட்டுக்க ஓட்டுனப்ப எழுதுன கணக்க வெச்சு குறுக்க ஓட்டறதுக்கு சால் நீளம் சொல்ல முடியாது, போய் காட்டப் பாக்கோணும்.

குறுக்க ஓட்டிப் பாக்கலாம். ஒய் = 1ல நில்லுங்க. இடது பக்கம் எதுல ஆரம்பிக்குது? ஒய் ஆக்சிஸ்ல, எக்ஸ் = 0. வலது பக்கம் எங்க முட்டுது? வளைவுல. வளைவுல ஒய் 1ன்னா எக்ஸ் 1. இப்ப ஒய் = 1.5க்கு ஏறுங்க, ஆரம்பம் அதே 0, முட்டறது எக்ஸ் = 2.25ல. ஒய் = 2ல 0ல இருந்து 4 வரைக்கும் முழு நீளம். பேட்டர்ன் தெரியுதுங்களா, எந்த ஒய்ல நின்னாலும் எக்ஸ் 0ல இருந்து ஒய்² வரைக்கும். ஒய் = ரூட் எக்ஸும் எக்ஸ் = ஒய்²ம் ஒரே வளைவுதான், முன்ன எக்ஸ் தெரிஞ்சு ஒய்யக் கேட்டோம், இப்ப ஒய் தெரிஞ்சு எக்ஸக் கேக்கறோம், அதான் ரூட் போய் ஸ்கொயர் வந்துருச்சு. அப்பறம் இந்த சால் எல்லாம் எந்த ஒய்ல ஆரம்பிச்சு எந்த ஒய்ல முடியுது? அடி மூலை 0, மேல் கோடு 2. முடிஞ்சுதுங்க: வெளிய ஒய் 0 டு 2, உள்ள எக்ஸ் 0 டு ஒய்².

இனி கணக்கு. உள்ள எக்ஸுக்கு இன்டெக்ரேட் பண்றப்ப 1/(1+ஒய்³)ல எக்ஸே இல்ல, அது வெறும் நம்பர் மாதிரி நிக்கும். 5 இருந்தா 5 எக்ஸ்னு எழுதுவீங்கல்ல, அதே மாதிரி எக்ஸ்/(1+ஒய்³). மேல் லிமிட் ஒய்² போட்டு கீழ் லிமிட் 0 போட்டுக் கழிச்சா ஒய்²/(1+ஒய்³). இப்ப இத ஒய்க்கு 0ல இருந்து 2 வரைக்கும் இன்டெக்ரேட் பண்ணோணும். கீழ இருக்கறதோட டெரிவேட்டிவ் 3ஒய்², மேல ஒய்² ரெடியா இருக்கு. யூ = 1+ஒய்³ன்னு வைங்க, டியூ = 3ஒய்² டிஒய். ஒய் 0ன்னா யூ 1, ஒய் 2ன்னா யூ 9. 1/3 பெருக்கல் லாக் யூ, 1ல இருந்து 9 வரைக்கும், லாக் 1 சைபர், ஆக 1/3 லாக் 9. அதையே 2/3 லாக் 3ன்னும் எழுதலாம், ரெண்டும் ஒண்ணுதான், புக்குல வேற மாதிரி இருக்குன்னு பயந்துக்க வேண்டாம். லாக்குன்னா இங்க நேச்சுரல் லாக், கால்குலேட்டர்ல அதுக்குன்னு தனி பட்டன் இருக்கும், பக்கத்துல இருக்கற பேஸ் 10 பட்டன அமுக்கிப்போட்டு விடை வரலைன்னு ஒக்காந்திருக்கற பசங்க நெம்ப பேரு. நம்பரா 0.732 சொச்சம்.

அந்த ஒய்² எங்கிருந்து வந்து ஒட்டிக்குச்சுன்னு கவனிச்சீங்களா? ஃபங்ஷன்ல அது இல்ல. சாலோட நீளம் அது. கீழ இருக்கற 1+ஒய்³க்கு என்ன டெரிவேட்டிவ் வேணுமோ அதே நீளம் வர்ற மாதிரி வளைவ எடுத்து வெச்சு கேள்விய செஞ்சிருக்காங்க. இது தானா நடக்கறதில்ல, கேள்வி எடுக்கறவர் உக்காந்து செஞ்ச வேலை. அதனால ஆர்டர மாத்துனா எந்தக் கணக்கும் சுளுவாயிரும்னு நெனைச்சுக்காதீங்க. ஃபேக்டரிலயோ சைட்டுலயோ வர்ற இன்டெக்ரல் பெரும்பாலும் எந்தப் பக்கம் திருப்புனாலும் கையில சிக்காது, கம்ப்யூட்டர்ல நம்பராத்தான் எடுப்பாங்க.

நம்பரா எடுக்கறதுன்னா என்னன்னு இங்கயே காட்டறேன், விடைய சரிபாக்கவும் ஆச்சு. ஒய்ய 0ல இருந்து 2 வரைக்கும் நாலு பட்டையா வெட்டுங்க, ஒவ்வொண்ணும் அரை அகலம். பட்டையோட நடுவுல ஒய்²/(1+ஒய்³) எவ்வளவுன்னு கால்குலேட்டர்ல தட்டுங்க. 0.25ல 0.0615, 0.75ல 0.3956, 1.25ல 0.5291, 1.75ல 0.4816. நாலையும் கூட்டுனா 1.4678, அரையால பெருக்குனா 0.7339. நெச விடை 0.7324. நாலே பட்டைல இவ்வளவு கிட்ட வந்துருச்சு. பரீட்சைல நேரம் இருந்தா ஓரமா இத ஒருக்கா போட்டுக்கலாம், தப்பு லிமிட்ட எழுதியிருந்தா மட்டும் இது காப்பாத்தாது, அந்தத் தப்பு லிமிட்டுக்கே சரியான விடையத்தான் காட்டும்.

தப்பு லிமிட்ட புடிக்கறதுக்கு வேற வழி இருக்கு. ஷேடு பண்ண உருவத்தோட ஏரியா எவ்வளவு? ஒய்²ஐ 0ல இருந்து 2 வரைக்கும் இன்டெக்ரேட் பண்ணா 8/3, அதாவது 2.67. ஃபங்ஷன் 1/(1+ஒய்³), ஒய் 0ல அது 1, ஒய் 2ல அது 1/9, நடுவுல எங்கயும் இதத் தாண்டாது. அப்ப விடை 2.67ஐ விட அதிகமாவும் இருக்க முடியாது, அதுல ஒம்பதுல ஒரு பங்கு 0.296, அதுக்குக் கொறைவாவும் இருக்க முடியாது. இத மனசுல வெச்சுட்டு வழக்கமா வர்ற தப்பு மூணையும் பாருங்க. மொதலாவது நீங்க பண்ணது: டிஒய் டிஎக்ஸ டிஎக்ஸ் டிஒய்னு மாத்துனீங்க, லிமிட்டையும் அப்படியே தூக்கி இடம் மாத்தி வெளிய ரூட் எக்ஸ் டு 2, உள்ள 0 டு 4ன்னு போட்டீங்க, பாதில நின்னுபோச்சு. நிக்காம போயிருந்தாலும் கடைசி விடையில எக்ஸ் தொங்கிட்டிருக்கும். விடை ஒரு நம்பரா இருக்கோணும், அதுக்கு வெளி லிமிட்டு ரெண்டும் நம்பராத்தான் இருந்தாகோணும். வெளிய எக்ஸோ ஒய்யோ இருந்தா அந்த வரிய அங்கயே அடிச்சுறலாம். ரெண்டாவது, எக்ஸுக்கு 0 டு 4, ஒய்க்கு 0 டு 2ன்னு எல்லாத்தையும் நம்பராப் போட்டறது. அது வளைவையே அழிச்சுட்டு முழு செவ்வகத்தையும் எடுத்துக்கிட்ட மாதிரி, விடை 4.36 கிட்ட வரும், 2.67ஐ விட அதிகம், தப்புன்னு அப்பவே தெரிஞ்சுரும். மூணாவது வளைவுக்கு அக்கட்டால போயிடறது, எக்ஸ் ஒய்²ல இருந்து 4 வரைக்கும்னு எழுதறது. அதுக்கு 3.63 வரும், அதுவும் மாட்டும். எல்லாக் கணக்குலயும் இந்தச் சோதனை இவ்வளவு அழகா புடிச்சுக் குடுக்கும்னு சொல்ல மாட்டேன், சிலதுல தப்பு விடையும் உள்ளயே வந்து உக்காந்துக்கும். ஆனா வெளிய போச்சுன்னா தப்பு உறுதி.

உங்க கணக்குல காடு ஒரே துண்டுல முடிஞ்சுருச்சு. எல்லாத்துலயும் அப்படி இருக்காது, அத இப்பவே பாத்துக்கறது நல்லது, ஏன்னா இந்த யூனிட்டுல திரும்பத் திரும்ப வர்ற கணக்கு ஒண்ணு இருக்கு: எக்ஸ் 0 டு 1, ஒய் எக்ஸ்²ல இருந்து 2−எக்ஸ் வரைக்கும், ஃபங்ஷன் எக்ஸ் ஒய். படம் போடுங்க. கீழ பாரபோலா, மேல சாஞ்ச கோடு, இடது பக்கம் ஒய் ஆக்சிஸ், பாரபோலாவும் சாஞ்ச கோடும் (1,1)ல முட்டிக்குது. நெட்டுக்க ஓட்டுனா ஒரே துண்டு, எந்த எக்ஸ்ல நின்னாலும் பாரபோலால ஆரம்பிச்சு கோட்டுல முடியும். குறுக்க ஓட்டுங்க. ஒய் 0.5ல வலது பக்கம் போனா பாரபோலால முட்டறீங்க, எக்ஸ் = ரூட் ஒய். ஒய் 1.5ல போனா சாஞ்ச கோட்டுல முட்டறீங்க, எக்ஸ் = 2−ஒய். வலது வேலி நடுவுல மாறுது. மாறற எடம் ஒய் = 1. அந்த எடத்துல ஒரு வரப்பு போட்டு ரெண்டாப் பிரிச்சறோணும்: ஒய் 0 டு 1, எக்ஸ் 0 டு ரூட் ஒய் ஒண்ணு, ஒய் 1 டு 2, எக்ஸ் 0 டு 2−ஒய் இன்னொண்ணு. மொதல் துண்டுக்கு 1/6 வரும், ரெண்டாவதுக்கு 5/24, கூட்டுனா 3/8. கொடுத்த ஆர்டர்லயே நேராப் போட்டாலும் 3/8 வரோணும், வருதான்னு நீங்களே போட்டுப் பாருங்க, இதுல ரெண்டு வழியும் சுளுவுதான். சொல்லப்போனா இந்தக் கணக்குல ஆர்டர மாத்தறதால வேலை கூடுதே தவிர கொறையல, பிரிக்கத் தெரியுதான்னு பாக்கறதுக்காக மட்டும் கேக்கறது. குறுக்க ஓட்டறப்ப வேலி மாறுதா மாறலையான்னு லிமிட்டப் பாத்து சொல்ல முடியாது, படம் ஒண்ணுதான் சொல்லும். அதனால படம் போடாம இந்தக் கணக்கு போடறவங்கள நான் நம்பறதில்ல, எத்தன கெட்டிக்காரப் பையனா இருந்தாலும் சரி.

இன்னொரு சின்ன தொல்லை. சில பழைய கைடுலயும் கேள்வித்தாள்லயும் டிஎக்ஸ் டிஒய்ய மாத்தி அச்சடிச்சிருப்பாங்க, லிமிட்டு எக்ஸ்² டு 2−எக்ஸ்னு உள்ள இருக்கும், பக்கத்துல டிஎக்ஸ்னு இருக்கும். கொழம்பாதீங்க. உள் லிமிட்டுல எக்ஸ் இருந்தா அது ஒய்யோட லிமிட்டு, ஒய் இருந்தா அது எக்ஸோட லிமிட்டு. எக்ஸுக்கு இன்டெக்ரேட் பண்றப்ப எக்ஸே லிமிட்டா வராது.

நீங்க கடைசியா ஒரு வரி கேட்டிருந்தீங்க, எப்ப வேணும்னாலும் ஆர்டர மாத்தலாமா, விடை மாறவே மாறாதான்னு. நல்ல கேள்வி, நெம்ப பேரு கேக்கறதில்ல. ஃபங்ஷன் அந்த உருவத்துக்குள்ளயும் ஓரத்துலயும் எங்கயும் அறுந்து போகாம கன்டினியூவஸா இருந்து, உருவமும் எல்லைக்குள்ள அடங்குனதா இருந்தா மாத்தலாம், சந்தேகமே இல்ல. உங்க கணக்குல 1+ஒய்³ சைபர் ஆகோணும்னா ஒய் −1 ஆகோணும், நம்ம காடு அந்தப் பக்கமே போகல, அதனால பயமில்ல. இத இன்னும் விரிவாக்கி 1907ல இத்தாலிக்காரர் ஃபூபினி ஒரு தேற்றம் குடுத்தாரு, 1909ல டொனெல்லி இன்னொண்ணு குடுத்தாரு, ஃபங்ஷன் மைனஸே ஆகாம இருந்தா தைரியமா மாத்தலாம்னு அர்த்தம் வர்ற மாதிரி. அதோட நிரூபணத்துக்கு மெஷர் தியரி வேணும், எம்எஸ்சில படிக்கறது, அத இங்க ஒரு பத்தியில சுருக்குனா ஏமாத்து வேலையாப் போயிரும், விட்டறேன். ஆனா மாத்துனா விடை மாறற கணக்கு இருக்குங்கறத மட்டும் கண்ணால பாத்துருங்க. எக்ஸும் ஒய்யும் 0 டு 1, ஃபங்ஷன் (எக்ஸ்²−ஒய்²)/(எக்ஸ்²+ஒய்²)². ஒய்க்கு மொதல்ல போட்டா உள்ள ஒய்/(எக்ஸ்²+ஒய்²) வரும், டிஃபரென்ஷியேட் பண்ணிப் பாத்தா நம்புவீங்க. ஒய் 1 போட்டா 1/(1+எக்ஸ்²), அத எக்ஸுக்கு இன்டெக்ரேட் பண்ணா டேன் இன்வர்ஸ் 1, பை/4. இப்ப எக்ஸுக்கு மொதல்ல போடுங்க, அதே மாதிரிதான் ஆனா முன்னாடி மைனஸ் வரும், விடை −பை/4. ஒரே சதுரம், ஒரே ஃபங்ஷன், ரெண்டு விடை. ரெண்டு பேரும் கணக்குல ஒரு தப்பும் பண்ணல. (0,0) மூலைல அந்த ஃபங்ஷன் ஒரு பக்கம் ப்ளஸ்ல எல்லை இல்லாம ஏறுது, ஒரு பக்கம் மைனஸ்ல எல்லை இல்லாம இறங்குது, எதுல இருந்து கூட்ட ஆரம்பிக்கறோம்ங்கறதப் பொறுத்து மிச்சம் மாறிடுது. ஃபர்ஸ்ட் இயர் பரீட்சைல இத வெச்சு உங்கள மடக்க மாட்டாங்க, இருந்தாலும் கீழ டினாமினேட்டர் சைபர் ஆகற எடம் உருவத்துக்குள்ள வருதான்னு ஒரு பார்வை பாத்துட்டு ஆர்டர்ல கை வைங்க.

ஆர்டர மாத்துனாலும் ஒண்ணும் ஆகாத கணக்கும் உண்டு. ஈ பவர் −(எக்ஸ்²+ஒய்²)ன்னு வந்துச்சுன்னா எக்ஸும் ஒய்யும் ஒரே மாதிரி இருக்கு, நெட்டுக்க ஓட்டுனாலும் குறுக்க ஓட்டுனாலும் அதே முட்டுச்சந்துதான். அங்க போலார்க்குப் போகோணும், அதாவது புள்ளிய எக்ஸ், ஒய்னு சொல்லாம (0,0)ல இருந்து எவ்வளவு தூரம் (ஆர்), எந்தக் கோணம் (தீட்டா)ன்னு சொல்றது, டிஎக்ஸ் டிஒய்க்குப் பதிலா ஆர் டிஆர் டிதீட்டா, அந்தக் கூடுதல் ஆர்தான் கணக்கக் காப்பாத்தறது, அத எழுத மறந்தவங்களுக்கு கணக்கு நகரவே நகராது. எக்ஸ், ஒய் ரெண்டும் 0ல இருந்து இன்ஃபினிட்டி வரைக்கும்னா விடை பை/4. இப்படி வேரியபிளையே மாத்தற வேலைய ஆய்லர் 1769லயே தொட்டிருக்காரு. அது தனிக் கேள்விக்கு உண்டான சமாச்சாரம், வேணும்னா தனியாக் கேளுங்க.

படத்துக்கு மார்க் உண்டான்னு கேட்டிருந்தீங்க. எத்தன மார்க்குன்னு அடிச்சு சொல்ல முடியாது, அது திருத்தறவங்க கையில இருக்கற கீயப் பொறுத்தது. நான் திருத்தறப்ப படம் சரியா இருந்து, ஷேடு சரியா இருந்து, புது லிமிட்டு சரியா இருந்தா அதுக்கு மேல இன்டெக்ரேஷன்ல சறுக்குனாலும் பாதிக்குக் கொறையாம போட்டுருவேன், படமே இல்லாம லிமிட்டு மட்டும் வந்திருந்தா மனப்பாடம்னுதான் நெனைப்பேன். படத்துல சால் எந்தப் பக்கம் போகுதுன்னு ஒரே ஒரு அம்புக்குறி போட்டுக் காட்டுங்க, பழைய ஆர்டருக்கு ஒரு படம், புது ஆர்டருக்கு ஒரு படம்.

இத வாசிச்சு முடிச்ச சூட்டோட ஒண்ணு போட்டுப் பாருங்க: எக்ஸ் 0 டு 1, ஒய் எக்ஸ்ல இருந்து 1 வரைக்கும், ஃபங்ஷன் ஈ பவர் ஒய்². மேல சொன்னேனே, நேரா இன்டெக்ரேட் பண்ணவே முடியாததுன்னு, அதுதான். (ஈ−1)/2 வரோணும், நம்பரா 0.859. வேற எதாச்சும் வந்தா விடைய மட்டும் எழுதாதீங்க, நீங்க போட்ட படத்த ஃபோட்டோ எடுத்துப் போடுங்க, தப்பு எங்கன்னு அதுல இருந்துதான் என்னால சொல்ல முடியும்.